பாக்ஸ்காரர்களும் கேலரிக்காரர்களும்: லா ஸ்காலாவின் கதை

1840-ல் மிலானுக்கு வந்திருந்த ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி, லா ஸ்காலா என்ற ஓபரா (பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம்) அரங்கத்துக்குப் பாட்டுக் கேட்கப் போனார். ஐரோப்பா முழுக்க அப்போதே பெயர் பெற்றிருந்த இடம் அது. ஆனால் அவருக்கு வந்தது எரிச்சல்தான். கீழ்த்தளத்தில் குதிரை பேரத்திலிருந்து பங்கு வியாபாரம் வரை எல்லாம் நடக்கிறது, ஊர்ப் பெரிய மனிதர்கள் இதைத் தங்கள் வரவேற்பறையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த இரைச்சலில் பாட்டு எப்போதாவதுதான் காதில் விழுகிறது என்று எழுதி வைத்தார்.

எனக்கு லா ஸ்காலா அறிமுகமானது ஒரு பழைய ஒலிப்பதிவு மூலமாக. 1955-ல் ஓபராப் பாடகி மரியா காலஸ் பாடிய, வெர்டியின் 'லா டிராவியாட்டா', நேரடி மேடைப் பதிவு. தரம் சுமார்தான். ஆனாலும் கடைசி அங்கத்தில் அவர் குரல் மெலிந்து நூலாகும்போது, கூட்டம் முழுவதும் அந்தக் குரலின் பின்னாலேயே போவது பதிவிலேயே தெரியும். குதிரை விற்ற அதே தரையில் இப்படி ஒரு கவனம் எப்படி வந்தது? அந்தக் கேள்விதான் என்னை இந்த அரங்கத்தின் வரலாற்றுக்குள் இழுத்தது. எந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள், அந்த இடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் பதில் கிடைக்கிறது.

மிலான் அப்போது ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. அரண்மனையை ஒட்டி இருந்த பழைய அரங்கம் 1776 பிப்ரவரியில், கார்னிவல் நாட்களின் ஒரு இரவில் எரிந்துபோனது. பதின்ம வயது மொஸார்ட் தன் இத்தாலிய ஓபராக்களை அரங்கேற்றிய இடம் அது. அங்கே பாக்ஸ், அதாவது அரங்கத்தின் சுவரோரம் அடுக்கடுக்காக இருக்கும் தனி அறை, வைத்திருந்த சுமார் 90 செல்வந்தர்கள் ஆளுநர் ஃபெர்டினாண்டுக்கு மனு கொடுத்தார்கள். அவர் மகாராணி மரியா தெரேசாவின் மகன். ஏற்பாடு இதுதான்: புது அரங்கம் கட்டும் செலவை நாங்கள் ஏற்கிறோம், பதிலுக்குப் பாக்ஸ்கள் எங்கள் சொத்தாக இருக்கும். மகாராணி ஒப்புக்கொண்டார்.

கட்டடக் கலைஞர் ஜூஸெப்பே பியர்மரினி வரைபடம் போட்டார். 14-ம் நூற்றாண்டில் மிலானை ஆண்ட பெர்னபோ விஸ்கொன்டியின் மனைவி ரெஜினா டெல்லா ஸ்காலா கட்டுவித்த மாதா கோயிலை இடித்து அந்த மனையை எடுத்துக்கொண்டார்கள். அரங்கத்தின் பெயரும் அந்தக் கோயில் வழியாக வந்ததுதான். வேலை மளமளவென்று நடந்தது. 1778 ஆகஸ்ட் 3-ம் தேதி அன்டோனியோ சாலியேரியின் 'எயுரோப்பா ரிகொனோஷூட்டா' என்ற ஓபராவோடு திறந்துவிட்டார்கள்.

சொத்து என்றால் முழு அர்த்தத்தில் சொத்து. பாக்ஸை விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். உள்ளே எந்த நிறத்தில் பட்டுத்துணி ஒட்டுவது, என்ன நாற்காலி போடுவது, எல்லாமே சொந்தக்காரர் இஷ்டம். அங்கேயே சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், விருந்தினர்களை வரவேற்றார்கள், திரையை இழுத்து மூடிக்கொண்டு அந்தரங்கமாகவும் பேசினார்கள். கீழ்த்தளத்தில் நிலையான இருக்கைகள்கூட ஆரம்பத்தில் கிடையாது. ஆட்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தார்கள். எண்ணெய் விளக்குகள் நிகழ்ச்சி முழுக்க எரிந்தன. தீப்பிடித்தால் அணைக்க வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள்.

இவர்களுக்கு இசை தெரியாது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது நியாயமில்லை. அந்தக் காலத்தில் ஒரே ஓபராவை ஒரு பருவத்தில் முப்பது, நாற்பது இரவுகள் போடுவார்கள். பாக்ஸ் சொந்தம் என்பதால் வீட்டுக்குப் போவதுபோல் தினமும் அங்கேதான் போவார்கள். முதல் சில இரவுகளுக்குப் பிறகு பாட்டு மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் முக்கியமான பாட்டு வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி பேச்சுக்குத் திரும்புவார்கள். புதிய ஓபராவின் முதல் இரவில் நிலைமை வேறு. அன்று எல்லாக் காதுகளும் மேடைமேல்தான் இருக்கும், தீர்ப்பும் அன்றே வந்துவிடும். 1831 டிசம்பர் 26-ல் பெல்லினியின் 'நோர்மா' முதல் இரவு சப்பென்று போனது. படுதோல்வி என்று அவரே மனம் நொந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே 'நோர்மா' அந்தப் பருவத்திலேயே முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஓடியது.

இன்னொரு விஷயம், இந்த அரங்கத்தில் பாட்டுக்கு நிகராகச் சூதாட்டமும் நடந்தது. நெப்போலியன் மிலானைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் முன்கூடத்தில் சூதாட்டம் நடத்தும் குத்தகையைப் பிடித்தவர் டொமேனிக்கோ பார்பாயா. ஓட்டல் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கி, காப்பியும் சாக்லேட்டும் க்ரீமும் கலந்த ஒரு பானத்தால் பெயர் வாங்கியவர். அந்தப் பானத்துக்கு மிலானில் இன்றும் பார்பாயாடா என்றுதான் பெயர். ரூலெட் சக்கரத்தில் சம்பாதித்த பணத்தோடும் அனுபவத்தோடும் அவர் நேப்பிள்ஸ் போய் சான் கார்லோ அரங்கத்தை எடுத்து நடத்தினார், இசையமைப்பாளர் ரோசினியை ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டார். ஆஸ்திரியர்கள் திரும்பி வந்ததும் மிலானில் சூதாட்டத்துக்குத் தடை விழுந்தது. அந்த வருமானம் நின்றபின் ஓபரா நடத்துவது எவ்வளவு சிரமமான தொழில் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ரோசினிக்கும் லா ஸ்காலா ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. 1812-ல் அவருடைய 'லா பியெத்ரா டெல் பரகோனே' அங்கே 53 முறை மேடையேறியது. அந்த வெற்றியால் இருபது வயது இளைஞனுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்குக் கிடைத்தது. நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படையெடுத்த வருஷம் அது.

மேலே, பாக்ஸ் அடுக்குகளுக்கெல்லாம் மேலே, கேலரி. இத்தாலியில் லொஜோனே என்பார்கள். கடைக்காரர்கள், மாணவர்கள், கைத்தொழிலாளிகள், இசைப் பள்ளிப் பையன்கள். சொத்தும் இல்லை, சூதாடப் பணமும் இல்லை. அவர்கள் ஏறி வந்ததற்குக் காரணம் பாட்டு ஒன்றுதான். லா ஸ்காலாவின் காது அங்கேதான் வளர்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இசையமைப்பாளர் வெர்டிக்கு இந்த அரங்கம் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய அடியைக் கொடுத்தது. இரண்டு குழந்தைகளையும் ஏற்கெனவே பறிகொடுத்திருந்த அவர், 1840 ஜூனில் மனைவியையும் இழந்தார். ஒப்பந்தம் இருந்ததால் அந்த நிலையிலும் ஒரு நகைச்சுவை ஓபராவை எழுதி முடித்தார். செப்டம்பரில் அரங்கேறிய அதைக் கூட்டம் சீழ்க்கையடித்து விரட்டியது. ஒரே இரவோடு சரி. மேரி ஷெல்லி வந்துபோன அதே வருஷம். இனி எழுதவே மாட்டேன் என்று ஒதுங்கியவரை, அரங்கத்தை நடத்திய பார்ட்டோலோமியோ மெரெல்லி விடவில்லை. 1842 மார்ச் 9-ல் 'நபுக்கோ' அரங்கேறியது. அந்த இலையுதிர் பருவத்தில் மட்டும் 57 முறை அதைப் போட்டார்கள். முதல் இரவில் அபிகாயிலே வேடத்தில் பாடிய ஜுஸெப்பினா ஸ்ட்ரெப்போனி பிற்பாடு வெர்டியின் மனைவியானார்.

அன்று இரவு அடிமைகளின் கூட்டுப்பாடலான 'வா பென்ஸியேரோ'வுக்கு மக்கள் கண்ணீரோடு ஒன்ஸ்மோர் கேட்டதாகவும், அதிலிருந்தே இத்தாலிய விடுதலை உணர்ச்சி பற்றிக்கொண்டதாகவும் ஒரு கதை எங்கு பார்த்தாலும் இருக்கும். அன்றைய பத்திரிகைகளைத் தேடிப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டு தேசத்தின் பாட்டாக ஆனது பின்னால், மெல்ல மெல்ல. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது என்பது என் எண்ணம். ஒரு பாட்டை ஒரு ராத்திரியில் கொண்டாடுவதைவிட, ஒரு தலைமுறை தன்னுடையதாக எடுத்துக்கொள்வது பெரிய விஷயம்.

1845-ல் வெர்டி லா ஸ்காலாவோடு முறித்துக்கொண்டார். ஒத்திகையில் மெத்தனம், மேடையமைப்பில் அலட்சியம் என்பது அவர் குறை. அதற்குப் பிறகு முற்றிலும் புதிய ஓபரா ஒன்றை அங்கே அரங்கேற்ற அவர் 42 வருஷம் எடுத்துக்கொண்டார். நடுவில் வந்தவை எல்லாம் திருத்திய பதிப்புகளும், கெய்ரோவில் அரங்கேறி முடிந்த 'ஆயிடா'வும்தான். 1887 பிப்ரவரி 5-ல் 'ஒதெல்லோ' அரங்கேறியபோது ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ என்ற பெரிய வயலின் வகை வாத்தியத்தின் இரண்டாம் வரிசையில் 19 வயதுப் பையன் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான். வெர்டியிடம் வேலை கற்றுக்கொள்வதற்காகவே அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவன். ஆர்துரோ டோஸ்கனினி.

1897-ல் மாநகராட்சி மானியத்தை நிறுத்தியது. ஏழை மக்களின் வரிப்பணம் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு ஏன் போக வேண்டும் என்று நகரமன்றத்தில் கேட்டார்கள். சரியான கேள்வி. பாக்ஸ்களின் சொந்தக்காரர்களும் கூடுதலாகக் கொடுக்க முன்வரவில்லை. அரங்கம் மூடப்பட்டது. அடுத்த வருஷம் குயிதோ விஸ்கொன்டி டி மொட்ரோனே பிரபு சில செல்வந்தர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி திறக்க வழி செய்தார். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் நடத்துநராக வந்தவர் அந்தப் பழைய செல்லோக்காரர் டோஸ்கனினி. வயது 31.

லா ஸ்காலாவை மக்கள் கேட்கும் இடமாக மாற்றியவர் இவர்தான். நிகழ்ச்சி நடக்கும்போது அரங்கத்தின் விளக்குகளை அணைக்கச் சொன்னார். 1883-லிருந்தே அங்கே மின்விளக்கு வந்துவிட்டது. டுவோமோ பேராலயத்துக்குப் பக்கத்தில் அதற்கு மின்சாரம் தந்த மின்நிலையம் இருந்தது. ஆனால் பாக்ஸ்காரர்களுக்கு வெளிச்சம் வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாமா? டோஸ்கனினி அசையவில்லை. பெண்கள் பெரிய தொப்பிகளைக் கழற்ற வேண்டும் என்றார். ஒன்ஸ்மோர் கிடையாது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய போரானது. 1903 ஏப்ரலில், பருவத்தின் கடைசி இரவு, வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா'. டெனர் (உச்சக்குரல் ஆண் பாடகர்) ஜெனட்டெல்லோவின் பாட்டுக்குக் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. டோஸ்கனினி பாதியில் அரங்கத்தை விட்டுக் கிளம்பினார். 1906 வரை திரும்பவில்லை. அவர் வந்தபின், 1907-ல், அதுவரை தரைமட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆர்கெஸ்ட்ராவுக்குப் பள்ளம் தோண்டினார்கள்.

அவர் இல்லாத அந்த இடைவெளியில்தான் லா ஸ்காலாவின் மிக மோசமான இரவு வந்தது. 1904 பிப்ரவரி 17, புச்சினியின் 'மதாமா பட்டர்ஃப்ளை'. விடியற்காலையைக் காட்ட அரங்கத்துக்குள் பறவைச் சத்தம் எழுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். கூட்டம் பதிலுக்கு மிருகங்களைப்போல் கத்தியது. முழு ஓபராவும் கூச்சலிலும் சிரிப்பிலும் மூழ்கியது. புச்சினி அந்த ஒரே இரவோடு அதைத் திரும்பப் பெற்றார், பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். திருத்தி, நீண்ட இரண்டாம் அங்கத்தைப் பிரித்து, மூன்று மாதம் கழித்து பிரெஷ்யா நகரத்தில் போட்டார். அங்கே பெரும் வெற்றி. எதிராளிகள் திட்டமிட்டுச் செய்த கலாட்டா என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எப்படியானாலும் கேட்காமலே தீர்ப்புச் சொன்ன அந்த இரவை என்னால் மன்னிக்க முடியவில்லை. குறை சொல்ல உரிமை உண்டு, ஆனால் கேட்ட பிறகுதான்.

முதல் உலகப்போர் முடிந்தபின் நடந்தது எனக்கு இந்த வரலாற்றின் மையம். 1920-ல் லா ஸ்காலா ஒரு தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தது. நகரமும் பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்து அதைத் தாங்கின. சோஷலிஸ்ட் மேயர் எமிலியோ கல்தாராவும், கொரியேரே டெல்லா செரா நாளிதழின் ஆசிரியர் லூயிஜி அல்பெர்தினியும் அரசியலில் வேறு வேறு முகாம். இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பாக்ஸ் உரிமை முடிவுக்கு வந்தது. இனி காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் யாரும் அந்தப் பாக்ஸில் உட்காரலாம். 1921 டிசம்பர் 26-ல் டோஸ்கனினி 'ஃபால்ஸ்டாஃப்' ஓபராவோடு கதவைத் திறந்தார்.

சொந்தக்காரர்கள் போனார்கள், சர்வாதிகாரி வந்தார். 1926 ஏப்ரல் 25-ல் 'துராந்தோ' அரங்கேறியது. அதை முடிக்காமலே புச்சினி இறந்திருந்தார். முஸோலினி அப்போது மிலானில் இருந்தார். அவர் வந்தால் பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க வேண்டும், டோஸ்கனினி மறுத்துவிட்டார், முஸோலினி வரவில்லை. லியூ என்ற அடிமைப் பெண் இறக்கும் காட்சி முடிந்ததும், புச்சினி எழுதியது இதுவரைதான் என்று டோஸ்கனினி கூட்டத்திடம் சொல்லிக் கோலைக் கீழே வைத்தார். 1929-ல் லா ஸ்காலாவை விட்டுப் போன டோஸ்கனினி, அப்புறம் இத்தாலியில் நிகழ்ச்சி நடத்துவதையே நிறுத்திக்கொண்டார். 1938-ல் இனச் சட்டங்கள் வந்தன. பல வருஷங்களாகக் கூட்டுப்பாடகர்களைப் பயிற்றுவித்த விட்டோரே வெனெஸியானி யூதர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

1943 ஆகஸ்ட் நடுவில் நேசநாடுகளின் குண்டு விழுந்து கூரை இடிந்து உள்ளே சரிந்தது. போர் முடிந்தபோது மிலானில் வீடிழந்தவர்கள் ஏராளம். அந்த நிலையில் ஓபரா அரங்கத்தை முதலில் கட்டுவதா? 1897-ல் நகரமன்றத்தில் எழுந்த கேள்வியின் மறுபிறவி இது. ஆனால் இந்தமுறை அரங்கம் தொண்ணூறு பேருடையது அல்ல, நகரத்துடையது. பொறியாளர் லூயிஜி செக்கி முன்பு இருந்தபடியே அதை எழுப்பினார். அமெரிக்காவிலிருந்து 79 வயது டோஸ்கனினி திரும்பி வந்தார். வெனெஸியானியை மறுபடி வேலையில் அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்தினார், அது நடந்தது. 1946 மே 11 இரவு, லா ஸ்காலாவிலேயே 1817-ல் பிறந்த ரோசினியின் 'லா கட்ஸா லாத்ரா' முன்னிசையோடு கச்சேரி தொடங்கியது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். 24 வயது ரெனாட்டா தெபால்டி அன்று அங்கே பாடினார். 'நபுக்கோ'வின் கூட்டுப்பாடலும் இருந்தது. வெனெஸியானி பயிற்றுவித்த குரல்கள் அதைப் பாடின.

அதன்பின் வந்த காலஸ், இயக்குநர் லுக்கினோ விஸ்கொன்டி வருஷங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டப் போவதில்லை. 1951 முதல், மிலானின் காவல் புனிதர் அம்ப்ரோஸின் திருநாளான டிசம்பர் 7 அன்று பருவம் தொடங்குகிறது. அந்த இரவில் பழைய பாக்ஸ்காரர்களின் வாசனை கொஞ்சம் திரும்பி வரும். 1968-ல் மாணவர்கள் வாசலில் நின்று, விலையுயர்ந்த விலங்கு ரோமக் கோட்டில் வந்தவர்கள்மேல் முட்டை எறிந்தார்கள்.

கேலரி இன்னும் பழைய கேலரிதான். 1992-ல் 'தோன் கார்லோ'வில் குரல் சறுக்கிய பவரொட்டியையே அவர்கள் விடவில்லை. 2006-ல் 'ஆயிடா'வில் முதல் பாட்டுக்குக் கூச்சல் எழுந்ததும் ரொபெர்தோ அலான்யா மேடையை விட்டு வெளியேறினார். இசை நிற்கவில்லை, மாற்றுப் பாடகர் அன்டொனெல்லோ பலோம்பி வேடம்கூடப் போடாமல், ஜீன்ஸோடு ஓடிவந்து தொடர்ந்தார். இதைக் கொடூரம் என்பவர்கள் உண்டு. சில நேரம் கொடூரம்தான். ஆனால் அந்தக் கூச்சலிடும் ஆட்கள்தான் மடியில் இசைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்பவர்கள். நான் கேலரியில் உட்கார்ந்த இரவில் என் பக்கத்துப் பெரியவர் அப்படித்தான் இருந்தார். அங்கே பல இருக்கைகளிலிருந்து மேடை முழுதாகத் தெரியாது, எட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சத்தம் மேலே வந்து சேரும் தெளிவு இருக்கிறதே, அதைக் கீழே நாற்காலிக்குக் கொடுக்கும் விலையால் வாங்க முடியாது.

இந்தக் கூட்டத்தின் இன்னொரு முகம் 1995 ஜூனில் தெரிந்தது. 'லா டிராவியாட்டா' அன்று ஆர்கெஸ்ட்ரா வேலைநிறுத்தம். கூட்டம் வந்துவிட்டது. நடத்துநர் ரிக்கார்தோ முத்தி மேடையில் ஒரு பியானோவை வைக்கச் சொல்லி, முழு ஓபராவுக்கும் தானே வாசித்தார். பாடகர்கள் அதற்குப் பாடினார்கள். அரங்கம் இருந்து கேட்டது.

2002 முதல் 2004 வரை மூடி, மேடைக்குப் பின்பக்கத்தை மாரியோ போத்தாவின் வடிவமைப்பில் புதிதாகக் கட்டினார்கள். பழமையைக் கெடுக்கிறார்கள் என்று பெரிய சண்டை நடந்தது. மீண்டும் திறந்த இரவில் முத்தி எடுத்துக்கொண்டது 1778-ல் பாடிய அதே சாலியேரி ஓபரா. இப்போது ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் பாடல் வரிகளைக் காட்டும் சிறு திரை உண்டு. இத்தாலிய மொழி தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரும் வரம்.

டிசம்பர் 7-ன் நல்ல இருக்கைகள் இன்று ஆயிரக்கணக்கான யூரோ. ஆனால் அதற்குச் சில நாள் முன்பு அதே ஓபராவை, அதே பாடகர்களோடு, 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் போடுகிறார்கள். 2008-லிருந்து இந்த வழக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது மிலானில் படித்துக்கொண்டிருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை தொடங்கும் நேரத்துக்கே தயாராக உட்கார வேண்டும். வயது தாண்டியவர்களுக்குக் கேலரி இருக்கிறது.